மேற்கே கறுத்தால் பட்டத்தை இறக்கு

பட்டம் இழுக்கப் பலகையில் நின்று கடலில் சறுக்குகிற கைட்போர்டிங் பழகுகிறவருக்கு வாழ்க்கையில் பாதி காத்திருப்பு. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலான கரையில், மே மாதத்தில் காலை பத்து மணிக்குப் பட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வெயில்தான் மிஞ்சும். விடியலில் போன ஃபைபர் படகுகள் திரும்பி, வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருக்கிற நேரம் அது. காற்று மெலிந்து, சமயத்தில் அடியோடு நின்றுவிடும். நண்பகல் வாக்கில்தான் கிழக்கே தண்ணீரின் நிறம் மாறும். சொரசொரப்பான ஒரு கருநீலப் பட்டை கரையை நோக்கி நகர்ந்து வரும். அதுதான் கடற்காற்று.

நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும் என்று பள்ளியில் படித்த பாடம்தான் இது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குகிற வெப்பத்தில் ஏறக்குறைய ஐந்து கிலோ காய்ந்த மணலைச் சூடாக்கிவிடலாம். போதாததற்கு, கடல் தனக்குக் கிடைத்த வெப்பத்தை அலையால் கலக்கி ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து எழ, அழுத்தம் குறைந்த அந்த இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று புகுகிறது. அதன் முன்விளிம்பு அவசரப்படாமல்தான் நகரும். கரையில் நண்பகலில் தொடங்கியது வேடந்தாங்கல் பக்கம் போய்ச் சேர மாலையாகிவிடும்.

பட்டம் என்றால் மொட்டைமாடிப் பட்டம் அல்ல. 7 முதல் 12 சதுர மீட்டர் துணி, பெரும்பாலும் 20 மீட்டருக்குக் குறையாத நூல்கள், முன்விளிம்பில் காற்றடைத்த குழாய். அந்தக் குழாய்ப் பட்டத்துக்கு 1984இல் காப்புரிமை கோரியவர்கள் பிரான்ஸின் லெகேன்யூ சகோதரர்கள். தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், அங்கிருந்தே மறுபடி ஏற்றலாம் என்பதால்தான் இந்த விளையாட்டே கடலுக்கு வந்தது. இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 10 நாட் காற்று 20 ஆனால் இழுப்பு நான்கு மடங்கு. பட்டம் வானில் ஓடும்போது அந்த ஓட்டமே அதற்குக் கூடுதல் காற்று. காற்று மெலிந்த நாளில் பழகியவர்கள் வானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டே இருப்பது அதனால்தான். பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் அழுத்திச் சாய்ந்தால் பக்கவாட்டு நழுவல் குறையும். காற்றுக்குக் குறுக்கே, ஓரளவு எதிர்த்தும் போகலாம். பாய் விரித்துக் கட்டுமரம் ஓட்டிய தாத்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதிதாக வருகிறவர்கள் கேட்பது ‘எத்தனை நாட்?’ என்று. ‘எந்தப் பக்கத்துக் காற்று?’ என்பதல்லவா முதலில் கேட்க வேண்டியது! கடலிலிருந்து கரைக்கு நேரே அடித்தால் ஆளை மணலில் கொண்டுபோய் மோதும். கரையிலிருந்து அடித்தால் அந்தமான் திசையில் இழுத்துக்கொண்டு போகும். கரைக்குச் சாய்வாக அடிப்பதே நல்ல காற்று. இங்கே பூமியின் சுழற்சி கைகொடுக்கிறது. வட அரைக்கோளத்தில் நகரும் காற்று வலப்பக்கம் விலகும் என்பதால், கிழக்கிலிருந்து தொடங்கும் கடற்காற்று பொழுது சாயச் சாயத் தென்கிழக்கு, தெற்கு என்று திரும்பும்.

ஜூன், ஜூலையில் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வறண்ட மேல்காற்றாக வந்து கடற்காற்றைக் கரைக்கு வெளியே தடுத்து நிறுத்தும். மூன்று மணிக்கு வருகிற நாளும் உண்டு, வராமலே போகிற நாளும் உண்டு. சென்னை மீனம்பாக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் இப்படிக் கடற்காற்று தாமதமாகும் நாட்களில்தான்.

விளையாட்டுக்காரர்களைவிட இதில் கண்ணாக இருப்பவர்கள் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர். உலையிலிருந்து ஏதாவது வெளியேறினால் அது எந்த ஊருக்குப் போகும் என்பது கடற்காற்றின் கையில். குளிர்ந்த கடற்காற்று சுடுநிலத்தின் மேல் வந்ததும் அடியிலிருந்து கொதித்துக் கலங்கும். உள்ளே போகப்போக அந்தக் கலங்கிய அடுக்கு தடிக்கும். உயரமான புகைபோக்கியிலிருந்து வருவது கரையருகே மேலேயே மிதந்து, சில கிலோமீட்டர் தள்ளித் தரையில் இறங்கக்கூடும். தண்ணீருக்கு மேல் சமர்த்தாக நிற்கும் பட்டம் மணலுக்கு மேல் வந்தால் துள்ளுவதற்கும் இந்தக் கலக்கம் ஒரு காரணம்.

இதே கரையில் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) வேர்விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்து மீனவப் பிள்ளைகள் பலர் இன்று சர்ஃபிங் பயிற்சியாளர்கள். பட்டம் மட்டும் இங்கே அந்த அளவு வேர்விடவில்லை. படகும் காயும் வலையும் சுற்றுலாக் கூட்டமும் நிறைந்த கரையில் நீள நூலை விரிக்க இடம் வேண்டுமே. கற்க நினைப்பவர்கள் ராமேஸ்வரம் போகிறார்கள். இரண்டு பருவக்காற்றும் அங்கே தடையின்றி வீசும்; மெலிந்த தீவு என்பதால் ஒரு பக்கம் அலையடித்தாலும் மறுபக்கம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் கற்பிட்டி களப்பும் இதே காற்றால்தான் பேர் வாங்கியது.

நம் கரையில் எனக்குப் பயம் ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகள்தான். மதுராந்தகம், செங்கல்பட்டுப் பக்கம் கடற்காற்றின் முன்விளிம்பில் மேகம் திரண்டு இடியாகும். மேலடுக்கில் வீசும் மேற்குக் காற்று அதைக் கடலை நோக்கித் தள்ளும். மழைக்கு முன்னால் மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் பரவி, தென்கிழக்காக இருந்ததைச் சட்டென்று மேற்காகப் புரட்டிவிடும். 12 நாட் 36 ஆனால் இழுப்பு ஒன்பது மடங்கு, அதுவும் கடலை நோக்கி. ‘மேக்கால கறுக்குது, எறக்குப்பா’ என்று மீனவர் யாராவது குரல் கொடுத்தால் செல்போனில் வானிலை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். இறக்கினால் மட்டும் போதாது. குழாயின் காற்றைப் பிடுங்கிச் சுருட்டிவிட வேண்டும். மணலில் சும்மா கிடக்கிற பட்டத்தையும் முதல் வீச்சு தூக்கிவிடும்.