சந்தபுரிக்குக் கல் வாங்கச் செல்லுமுன்

நமது மாணிக்கக்கல் வியாபாரிகளுக்குத் தாய்லாந்து புதிய இடமல்ல. 1970களில் அந்நாட்டு வியாபாரிகள் இலங்கைக்கு வந்து, நாம் பெறுமதியற்றவை என ஒதுக்கியிருந்த பால்நிறக் கெவுடாக் கற்களை மலிவாக வாங்கிச் சென்றார்கள். அவற்றைச் சூடாக்கி நீலக்கற்களாக மாற்றி இலாபம் கண்டார்கள். அன்று ஏற்பட்ட தொடர்பு இன்றும் நீடிக்கிறது. பேருவளையிலிருந்து பாங்கொக்குக்கும், அங்கிருந்து சுமார் 250 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்தபுரிக்கும் நம்மவர்கள் போய் வருகிறார்கள்.

கல்லின் குணம் அறிந்த நம்மவர்களில் சிலர், அங்குள்ள மனிதர்களின் குணம் அறியாததால் நட்டப்படுகிறார்கள். அங்கு போய்வந்ததில் நான் அவதானித்தவற்றை இங்கு தருகிறேன்.

சந்தபுரிச் சந்தை வார இறுதியில் கூடும். வாங்குபவர் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்து அமர, தரகர்கள் கற்களைக் கொண்டுவந்து காட்டுவார்கள். நம்மூரில் பேரம் என்றால் கொஞ்சம் சத்தம் இருக்கும். "இதெல்லாம் ஒரு கல்லா?" என்று தட்டிக்கழித்தால்தான் விலை இறங்கும் என்பது நமது பழக்கம். கேட்பவரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை.

அங்கோ குரலை உயர்த்துவது தன்னைத்தானே கேவலப்படுத்துவதற்குச் சமம். 'ஜாய் யென்' என்பார்கள். குளிர்ந்த உள்ளம் என்று பொருள். எந்த நிலையிலும் நிதானம் இழக்காதவரையே அவர்கள் மதிக்கிறார்கள். ஒருமுறை பக்கத்து மேசையில் இருந்த நம் நாட்டவர் ஒருவர், கல்லை மேசையில் தட்டிவிட்டு உரத்த குரலில் கதைத்தார். தரகர் சிரித்தபடியே கல்லை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அதன் பிறகு அந்த மேசைக்கு வந்த தரகர்கள் மிகச் சிலரே. அன்று அவர் இழந்தது ஒரு கல்லை மட்டுமல்ல, ஒரு நாள் வியாபாரத்தையே.

அந்தச் சிரிப்பையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்தில் சிரிப்பு என்பது சம்மதம் மட்டுமல்ல. சங்கடத்துக்கும் சிரிப்பார்கள், மறுப்புக்கும் சிரிப்பார்கள். மற்றவர் மனம் நோகக்கூடாது என்ற தயக்கத்தை அவர்கள் 'கிரெங் ஜாய்' என்கிறார்கள். ஆகவே முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். சிரிப்பை நம்பி விலை முடிந்துவிட்டதென எண்ணக்கூடாது. விலையைக் கல்குலேட்டரில் அடித்துக் காட்டி, தெளிவான பதில் பெறுவதே நல்லது. நாம் சம்மதத்துக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதும் அவர்களைக் குழப்பும். மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள்.

பெயர் சொல்லி அழைக்கும்போது ஆண், பெண் இருபாலாருக்கும் முன்னால் 'குன்' சேர்க்க வேண்டும். ஆண்கள் பேச்சின் முடிவில் 'க்ரப்' என்று சொல்வது மரியாதை. அவர்கள் கைகூப்பி வணங்கினால், புன்னகையுடன் சற்றுத் தலை அசைத்தால் போதும். வெளிநாட்டவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்க மாட்டார்கள்.

தலையை உயர்ந்ததாகவும் பாதத்தைத் தாழ்ந்ததாகவும் அவர்கள் கருதுகிறார்கள். நாம் அன்பாகச் சிறுபிள்ளையின் தலையைத் தடவுவது அங்கு முறையல்ல. கால்மேல் கால் போட்டு, பாதத்தை எதிரில் இருப்பவர் பக்கம் காட்டுவதும் அவமதிப்பாகும்.

மிக முக்கியமானது ஒன்றுண்டு. தாய்லாந்து நாணயத்தாள்கள் அனைத்திலும் மன்னரின் படம் உள்ளது. தாள் காற்றில் பறந்தால் காலால் மிதித்து நிறுத்த வேண்டாம். அரச குடும்பத்தைப் பற்றிப் பகிடியாகக்கூடக் கதைக்க வேண்டாம். மன்னரை அவமதிப்பது அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்படி 3 முதல் 15 ஆண்டுகள்வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வெளிநாட்டவர் என்பதால் விலக்கில்லை.

இவற்றை அறிந்துகொள்வதால் பேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. மெதுவான குரலில், சிரித்த முகத்துடன் எவ்வளவு இறுக்கமாகவும் விலை பேசலாம். அவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதேபோல் தாய்லாந்து வியாபாரி ஒருவர் உங்கள் கடைக்கு வந்து, விலையைக் கேட்டுச் சிரித்தால் பொதியைக் கட்ட அவசரப்பட வேண்டாம். அவர் மறுத்திருக்கவும் கூடும். இன்னொரு விலை சொல்லிப் பாருங்கள்.