வைக்கோல்போரில் கிடைத்த பன்னிரண்டு முட்டை

கோழி இரண்டு வாரமாக முட்டையே இடவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒருநாள் வைக்கோல்போரின் ஓரத்தில் கைவிட்டால் பன்னிரண்டு முட்டை கிடக்கும். நாட்டுக்கோழி வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். உடனே சட்டியில் தண்ணீர் ஊற்றி முட்டைகளைப் போட்டுப் பார்ப்பார்கள். மூழ்கினால் நல்லது, மிதந்தால் கூமுட்டை என்பது கணக்கு.

இந்தக் கணக்கு பாதிதான் சரி. நாளாக ஆக முட்டையின் ஈரம் ஓட்டின் வழியே ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாகிறது. அதனால்தான் பழைய முட்டை மிதக்கிறது. ஆக, தண்ணீர்ச் சோதனை முட்டையின் வயதைத் தோராயமாகச் சொல்லும். நோய்க்கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. சால்மோனெல்லா கிருமி உள்ள முட்டை தண்ணீரில் மூழ்கலாம், நாற்றமும் இல்லாமல் இருக்கலாம்.

ஓட்டின் காவல்

முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. முட்டை வெளிவரும்போது அதன்மேல் ஈரமாக இருக்கும் மெல்லிய படலம், சில நிமிடங்களில் உலர்ந்து அந்தத் துளைகளை அடைத்துக்கொள்கிறது. அதையும் தாண்டி நுழையும் கிருமியை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற புரதம் தாக்குகிறது. இன்னொரு புரதம் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைப் பட்டினி போடுகிறது.

கழுவினால் மேல்படலம் போய்விடும். அதனால் ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் முட்டையைக் கழுவாமலே விற்கிறார்கள்; இட்ட நாளிலிருந்து 28 நாள் கெடு. அமெரிக்காவில் கழுவுகிறார்கள், ஆனால் அதன்பின் குளிரிலேயே வைத்திருக்கிறார்கள். இந்த நாள்கணக்கு எதையும் நம் வெயிலில் கிடந்த முட்டைக்குப் பொருத்த முடியாது.

வெயில் செய்யும் வேலை

நோயுற்ற கோழியின் உடலுக்குள்ளேயே சால்மோனெல்லா முட்டைக்குள் புகுந்துவிடுவதுண்டு. ஆரம்பத்தில் அது அதிகம் பெருகாது. மஞ்சள்கருவைச் சுற்றியுள்ள சவ்வு தளர்ந்து சத்து வெளியே கசியத் தொடங்கிய பிறகே வேகமாகப் பெருகும். 20 டிகிரி செல்சியஸில் இதற்குச் சுமார் 3 வாரம் ஆகும். 30 டிகிரியைத் தாண்டினால் வாரங்கள் நாட்களாகச் சுருங்கிவிடும். சித்திரை வெயிலில் நம் வைக்கோல்போர் எந்த நிலையில் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சேவல் இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஏறத்தாழ 21 டிகிரிக்கு மேல் போனாலே கருக்கூடிய முட்டையில் கரு மெல்ல வளரத் தொடங்கும். கோழி அடையில் உட்கார்ந்துவிட்டால், மூன்று நான்கு நாளில் கைப்பேசி வெளிச்சத்தில் சிவப்பு ரத்தக்குழாய்களே தெரியும்.

அந்தப் பன்னிரண்டை என்ன செய்வது?

எண்ணிக்கையே ஒரு நாட்காட்டி. ஒரு கோழி நாளொன்றுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது. நாட்டுக்கோழி இடையிடையே நாள் விட்டும் இடும். பன்னிரண்டு முட்டை ஒரே கோழியுடையது என்றால், முதல் முட்டைக்குக் குறைந்தது பதினொரு நாள் ஆகியிருக்கும். எது முதல் முட்டை, எது நேற்றையது என்று உறுதியாகப் பிரித்தறிய வழியில்லை. கோடையில் கிடைத்தவை, மழையில் நனைந்தவை, விரிசல் விட்டவை, கோழி அடைகாத்தவை ஆகியவற்றைத் தயங்காமல் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். பன்னிரண்டு முட்டையின் விலை ஒரு பிள்ளையின் வயிற்றுப்போக்குக்கு ஈடாகாது.

இட்ட நாள் தெரிந்த முட்டையையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். 71 டிகிரி சூட்டில் சால்மோனெல்லா அழிந்துவிடும். வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவிடுவதே வீட்டில் அதற்கு அடையாளம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடைசெய்ததும் இந்தக் கிருமியை அஞ்சித்தான்.

வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து நல்லெண்ணெயோடு கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த அக்கறை போற்றத்தக்கது. ஆனால் பச்சை முட்டையைவிட வெந்த முட்டையின் புரதம்தான் உடலில் நன்றாகச் சேர்கிறது. ஆகவே அந்த முட்டையையும் அவித்தே கொடுங்கள்.

தினமும் எடுப்பதே தீர்வு

கோழி ஒதுங்கி முட்டையிட ஒரு கூடையில் காய்ந்த வைக்கோல் போட்டு நிழலில் வையுங்கள். ஒரு முட்டையில் கரியால் கோடு போட்டு அதிலேயே விட்டுவைத்தால் கோழி வேறிடம் தேடாது. மற்றவற்றை அன்றன்றே எடுத்து, அழுக்கிருந்தால் காய்ந்த துணியால் துடைத்து, பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள். அன்றே ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் மூன்று வாரம் கவலையில்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், கோடையில் மூன்று நான்கு நாளுக்குள் சமைத்துவிடுவது நல்லது. ஓட்டில் தேதி இருந்தால் தண்ணீர்ச் சட்டியும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம்.