எஞ்சினை இறக்குமுன் ஒரு கணக்குப் பாருங்கள்

யாழ். குடாநாட்டில் சரக்கு ஏற்றும் எங்களில் பலர் இன்னும் பழைய டேர்போ டீசல் வான்களையே நம்பியிருக்கிறோம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஓடுகிற வானே நமது முதல்.

இவ்வான்களைப் பற்றி நான் அதிகம் கேட்கும் முறைப்பாடுகள் இரண்டு. ஒன்று, கீழே ஒயில் சொட்டுகிறது. மற்றது, காலையில் இலேசில் ஸ்டார்ட் ஆகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால், 'எஞ்சின் முடிந்துவிட்டது, இறக்கத்தான் வேண்டும்' என்ற தீர்ப்பு கராஜில் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் பெரும்பாலும் இவை இரு வேறு நோய்கள். தனித்தனியாகத் தேடினால் செலவு பெரிதும் குறையும்.

முதலில் ஒயில். எஞ்சினை நன்றாகக் கழுவி, காய்ந்தபின் இருபது கிலோமீற்றர் ஓடிவிட்டுப் பாருங்கள். ஒயில் கீழ்நோக்கி வழியும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடம் கசிகிற இடமல்ல. ஈரமாயிருக்கும் இடங்களில் ஆக மேலே உள்ளதே கசிவின் தொடக்கம். கியர்பெட்டிப் பக்கம் நனைந்திருந்தால் உடனே பின் சீல் என்று முடிவுகட்ட வேண்டாம். மேல்மூடி கஸ்கெட்டைப் பாருங்கள். பல ஜப்பானிய டீசல் எஞ்சின்களில் அல்டர்னேட்டரின் பின்னால் ஒரு வெக்கியூம் பம்ப் இருக்கும். அதற்குப் போகும் ஒயில் ஹோஸ் பழசானால் இறுகி வெடிக்கும். பிரேக்குக்கு உதவுவதும் அந்தப் பம்பே என்பதால் இதை நாளைக்கென்று விடக்கூடாது.

அடுத்தது டேர்போ. அதற்குள் போகும் ஒயில் கீழுள்ள குழாய் வழியே தன்பாட்டில் வடிந்து திரும்ப வேண்டும். கொழும்பு வரை ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் இழுத்துவிட்டு, வந்ததும் டக்கென்று அணைத்தால், சூடான டேர்போவில் தங்கும் ஒயில் கருகிக் கரியாகும். இது தொடர்ந்தால் திரும்பும் குழாய் அடைபட்டு ஒயில் சீலைத் தாண்டும். நிறுத்துமுன் இரண்டு நிமிடம் ஐட்லில் விடுவதற்குச் செலவேதும் இல்லை. காற்றுக் குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஒயில் படிவு இருப்பது வழமை. தேங்கி நின்றால், அல்லது டேர்போவின் விசிறி உறையில் உரசினால், தள்ளிப்போடாதீர்கள். அந்த ஒயிலையே எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் வேகமெடுத்த சம்பவங்கள் உண்டு.

டேர்போவை மாற்றுமுன் இன்னொன்று. ஐட்லில் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறவுங்கள். புகை பலமாகப் பீறிட்டால் உள்ளழுத்தம் கூடியிருக்கிறது. பிறீதர் குழாய் அடைத்திருக்கலாம். அது சுத்தமாக இருந்தால் பிஸ்டன் றிங் தேய்ந்திருக்கலாம். இதைப் பார்க்காமல் புது டேர்போ பூட்டினால் அதுவும் கசியும்.

இனி ஸ்டார்ட். புகையே பதில் சொல்லும். ஸ்டார்ட்டர் சுற்றியும் புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. லைனில் காற்றுப் புகுந்ததா என்று பாருங்கள். வெள்ளைப் புகையோடு குலுங்கிச் சில விநாடிகளில் சீரானால் ஹீட்டர் பிளக்கில் சந்தேகம் வையுங்கள். நம்மூர் வெக்கைக்கு ஹீட்டர் தேவையில்லை என்பார்கள். பழைய எஞ்சின்களில் டீசல் தனி அறையில் எரிவதால், வெக்கையான ஊரிலும் முதல் ஸ்டார்ட்டுக்கு அது வேண்டும். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றி, பற்றரியின் பொசிட்டிவ்வுக்கும் ஒவ்வொரு பிளக்குக்கும் இடையே சோதனை பல்ப் பிடியுங்கள். எரியாத பிளக் செத்தது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கொம்பிரஷன் சோதனை செய்யுங்கள். ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் முதலில் பற்றரி முனைகளையும் எர்த் வயரையும் துடையுங்கள்; கடற்காற்று அவற்றை அரிக்கும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கு ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். அந்தப் பழக்கத்தை டீசல் வானுக்குக் கொண்டுவர வேண்டாம். இவ்வான்களின் டீசல் பம்புக்குள் தேய்மானத்தைத் தடுப்பது டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்தால் பம்ப் தேயும். தேய்ந்த பம்பும் ஸ்டார்ட்டைக் கெடுக்கும்.

கடைக் கணக்கைப் போல வானுக்கும் ஒரு கொப்பி வையுங்கள். எத்தனை கிலோமீற்றருக்கு எவ்வளவு ஒயில் விட்டீர்கள், காலையில் என்ன நிறப் புகை என்று எழுதுங்கள். கராஜுக்குப் போகும்போது அந்தக் கொப்பியைக் காட்டி, கொம்பிரஷன் எவ்வளவு என்று அளவோடு கேளுங்கள். அளவு காட்டாமல் எஞ்சினை இறக்கச் சொன்னால், பணம் கொடுக்குமுன் இன்னொரு கராஜிலும் காட்டுங்கள்.