விரல்களை விரிக்கும் மின்சாரம்

லிந்துலை மலைச்சரிவுகளில் கொழுந்து பறிப்போருக்குக் கைகளே முதல். பாரிசவாதத்தால் மூடிய விரல்கள் விரிய மறுத்தால் பிழைப்பே நின்றுவிடும். எனினும், கெட்டது மூளையின் ஒரு பகுதியே. கைக்குச் செல்லும் நரம்பும் தசையும் பெரும்பாலும் பழுதுறுவதில்லை.

தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை 1791இல் கல்வானி உலகுக்கு அறிவித்தார். 1961இல் லிபர்சன் என்னும் வைத்தியர், வாதமுற்றோரின் தொங்கிய பாதத்தை அம்முறையால் நடக்கையில் உயர்த்திக் காட்டினார். கைக்கும் அதுவே வழி. முன்கையின் புறத்தே மின்தகடுகளை ஒட்டி, சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினால் விரல்கள் விரிகின்றன. அக்கணமே நோயாளியும் விரிக்க முயல வேண்டும். அம்முயற்சியே மூளைக்குப் பயிற்சி.

இதயமுடுக்கி பொருத்தியவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதனை நாடலாகாது. எல்லாக் கையும் முழுதும் தேறிவிடாது. ஆயினும், வாதமுற்ற கையை இனிப் பயனில்லையென்று மடியில் கிடத்திவிடுதல் தகாது.