அடுத்த கதை எப்போ?

முதல் கதை எப்படியோ வந்துவிடும். கைகூடாத காதல், செத்துப்போன தாத்தா, ஊரை விட்டு வந்த ஏக்கம் என்று ஏதோ ஒன்று பிடித்துத் தள்ளிவிடும். அது அச்சில் வந்ததும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் கைதட்டல் படம் அனுப்புவார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். பால் பாக்கி, பள்ளிக்கூடக் கட்டணம், ஆபீஸ் கணக்கு என எல்லாவற்றையும் கேட்க ஆள் இருக்கிறது. இரண்டாவது கதையைக் கேட்கத்தான் யாரும் இல்லை. எழுத வந்தவர்களில் பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். சரக்கு தீர்ந்துபோய் நின்றவர்களைவிட, யாரும் கேட்காததால் நின்றவர்களே அதிகம் என்பது என் எண்ணம்.

கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கரிசல் காட்டில் ஒரு சாட்சி உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்ன ஊர். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் அங்கே சேர்ந்து வளர்ந்தவர்கள். அழகிரிசாமி பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. சார்பதிவாளர் அலுவலக வேலையை உதறிவிட்டு, பத்திரிகைதான் வாழ்க்கை என்று சென்னைக்குப் போனார். பிறகு மலேயாவுக்குப் போய் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தார். கி.ரா. ஊரிலேயே தங்கிவிட்ட சம்சாரி. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது, காசநோய் வந்து படுத்தியது, அப்புறம் விவசாயிகள் போராட்டம், சிறை. நண்பன் பேர்பெற்ற எழுத்தாளராகிப் பல வருடங்கள் கழித்துத்தான் கி.ரா.வின் கதை அச்சேறுகிறது. ‘சரஸ்வதி’ இதழில் ‘மாயமான்’ வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி இருக்கும்.

இடைப்பட்ட காலத்தில் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தது கடிதம். அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து பின்னாளில் புத்தகமாகவே கொண்டுவந்தார். கி.ரா.வின் கதை சொல்லும் தொனியை இந்தக் கடிதப் பழக்கத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். எதிரே தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை, ஆனால் சுவாரசியம் குறைந்தால் எழுந்து போய்விடுவார் என்கிற மாதிரி ஒரு தொனி அது. ஊர் உலகத்துக்கென்று எழுதுகிறவருக்கு அது லேசில் கைவராது. அழகிரிசாமி 1970இல் காலமானார். அந்த ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது ‘அன்பளிப்பு’க்காக அவருக்குக் கிடைத்தது. 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காகக் கி.ரா.வுக்கு. இப்படியொரு பெருமை எல்லாச் சிற்றூருக்கும் வாய்ப்பதில்லை.

அடுத்த தலைமுறைக்கு, கேட்க ஆள் இருக்கும் இடம் கோவில்பட்டியானது. கவிஞர் தேவதச்சனுக்கு அங்கே நகைக்கடை. வியாபாரம் ஒரு பக்கம் நடக்க, கவிதைப் பேச்சு இன்னொரு பக்கம் நடக்கும். கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன், உதயசங்கர் என்று ஒரு ஊரில் இத்தனை பேர் எப்படி எழுத வந்தார்கள் என்று கேட்பவர்களுக்குத் தண்ணீரைக் காரணம் சொல்ல முடியாது. தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன ஊர் அது! எழுதியதை அன்று சாயங்காலமே காட்ட ஆள் இருந்தது. அவ்வளவுதான்.

பக்கத்தில் ஆள் இல்லாதவர்களுக்குத் தபால்காரர் இருந்தார். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கினார். கைக்காசைப் போட்டு, புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். அந்தப் பத்திரிகைக்குத் திருகோணமலையிலிருந்து கவிதை அனுப்பினார், இருபது வயதை ஒட்டிய ஓர் இளைஞர். தருமு சிவராமு என்ற பிரமிள்தான் அவர். நேரில் பார்த்திராத ஒரு பத்திராசிரியர், கடலுக்கு இந்தப் பக்கம், உறையைப் பிரித்துப் படிக்கக் காத்திருக்கிறார் என்பது ஒரு இருபது வயதுக்காரனை என்னவெல்லாம் செய்திருக்கும்! அங்கே எழுதியவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு காபி குடித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் தமிழில் புதுக்கவிதை வேர் பிடித்தது பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆண்களின் கதை. கடைத்திண்ணையில் உட்கார்ந்து ராத்திரி பத்து மணிவரை கவிதை பேசும் வசதி பெண்களுக்கு எங்கே இருந்தது? அவர்கள் வேறு வழி தேடினார்கள். வை.மு. கோதைநாயகி முதலில் ‘இந்திர மோகனா’ நாடகத்தைச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். எழுத்தரும் அவரே, முதல் வாசகியும் அவரே. அடுத்த வரி என்னவென்று பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கும்போது சொல்கிறவர் எப்படி நிறுத்துவார்? 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை ஏற்று நடத்திய கோதைநாயகி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவுக்கு அந்த உதவியும் எளிதாகக் கிடைக்கவில்லை. வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். திருமணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து எழுதிய கவிதைகள் வெளியே போனது அம்மாவின் உதவியால். அந்த அம்மாவையும் இலக்கிய அமைப்பு என்றே நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

சென்னையில் 1970இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, எழுதியதைப் படிக்க ஓர் ஆள் இருப்பதையே ஓர் ஏற்பாடாக மாற்றிக் காட்டியது. மாதாமாதம் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் உட்கார்ந்து படித்து, சிறந்ததாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். பரிசுத்தொகையை விடுங்கள். எங்கோ ஒரு மூலையில் எழுதிய கதையையும் யாரோ ஒருவர் கடைசி வரிவரை படிப்பார் என்ற உத்தரவாதம்தான் பெரிசு.

ஆனால் நாலு பேர் கூடினாலே எல்லாம் நடந்துவிடாது. ‘என் புத்தகத்துக்கு நீ முன்னுரை, உன் புத்தகத்துக்கு நான் மதிப்புரை’ என்று ஓடும் வட்டங்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அங்கே பொன்னாடை தாராளமாகக் கிடைக்கும், வாசிப்பு கிடைக்காது. கதையைப் படிக்காமலே ‘அருமை தோழர்’ என்று சொல்பவரைக் காட்டிலும், படித்துவிட்டு முகத்தைச் சுளிப்பவர் எழுதுகிறவருக்கு உறவுக்காரர்.

ஒரு கிளை நூலக மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் கூட்டத்துக்கு அவ்வப்போது போவேன். மேடை இல்லை, பேனர் இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை. டீயும் மெதுவடையும் மட்டும் உண்டு. கதையை முந்தின வாரமே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்; அங்கே வந்து வாசித்துக் காட்டக் கூடாது, ஏனென்றால் நல்ல குரல் இருந்தால் மோசமான கதையும் தப்பித்துவிடும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம். ஒருமுறை ரயில்வே ஊழியர் ஒருவரின் கதையைப் பற்றி, ஓய்வுபெற்ற டீச்சர் சொன்னார்: “தம்பி, மூணாவது பக்கத்துல கேட் மூடுற இடம் இருக்கே, அங்கதான் கதை ஆரம்பிக்குது. முதல் ரெண்டு பக்கம் நீங்க உங்களுக்காக எழுதிக்கிட்டது.” தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவரைச் சட்டம் தடுத்தது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது டீச்சர் அவரை விடவில்லை. “அடுத்த மாசம் திருத்திக் கொண்டுவருவீங்களா, புதுசா எழுதுவீங்களா?” என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, நைட் டியூட்டி வாரம் எப்போது வருகிறது என்று செல்போனில் பார்க்கத் தொடங்கினார்.