புகைபோக்கியிற் பிடிபடும் கரியமிலவாயு

'நெருப்பில்லாமல் புகையாது' என்பது நம் நாட்டுப் பழமொழி. நெருப்பிலிருந்து எழுவதிற் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாவதேயில்லை என்பது இரசாயன நூலார் அதனோடு சேர்த்துக் கூறும் உண்மை. புகைபோக்கியினின்று கரும்புகை கிளம்பக் கண்டால் நாம் முகஞ்சுளிக்கிறோம். தூசியை வடிகட்டிவிட்டால், 'இனிக் கேடில்லை' என்று ஆறுதலடைகிறோம். ஆனால் தூசி நீங்கித் தெளிந்த அவ்வாவியிலும், எரிந்தது நிலக்கரியாயின், கனஅளவில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு கரியமிலவாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஆகவே அது குற்றவாளியென்று எளிதில் அகப்படுவதில்லை. அதனை ஒரு திரவத்தைக் கொண்டு பிடிக்கும் முறை யாது, அதனால் விளையும் பயன் எத்துணை, அதன் எல்லை யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்கு மேற்கே வாழும் நமக்கு இப்பொருள் தொலைவிலுள்ளதன்று. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. அதன்பின், வயலும் ஏரியுமாயிருந்த நிலப்பரப்பில் கடைசற் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் கொதிகலன்களும் நிரம்பின. இவற்றின் புகைபோக்கிகள் பெரும்பாலும் சிறியனவே. எனினும் இவற்றை ஓட்டும் மின்சாரத்தில் நிலக்கரியிற் பிறந்ததும் கலந்திருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் வானளாவி நிற்கும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், ஒரு வகையில், அம்பத்தூர்க் கடைசல் இயந்திரங்களின் புகைபோக்கிகளுமாகும்.

கரியமிலவாயு தன்னளவில் நஞ்சன்று. பயிர்களுக்கு அது உணவு. ஆனால் பூமியினின்று மீளும் வெப்பத்தை ஒரு கம்பளத்தைப்போலத் தடுத்து நிறுத்தும் இயல்பு அதற்கு உண்டு. இயந்திரத் தொழில் பரவுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்காயிருந்த அது, இன்று 420 பங்கையும் கடந்துவிட்டது. கம்பளம் தடித்துக்கொண்டே வருகிறது. இந்தியா 2070-ஆம் ஆண்டுக்குள் தன் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்தது. நிலக்கரியை விட்டு வேறு சக்திகளை நாடுதலே முதல் வழி. ஆயினும் சிமெண்டு, இரும்பு முதலிய தொழில்களில் அவ்வாயு எரிபொருளினின்று மட்டுமன்றிச் செய்தொழிலின் இயல்பினாலேயே பிறக்கிறது. அங்கு அதனைப் பிடித்தலன்றி எளிய வழி புலப்படவில்லை.

கரியமிலவாயுவைப் பிடித்தல் புதிய வித்தையன்று. நம் கொத்தனார் அதனை நெடுங்காலமாகச் செய்து வருகின்றனர். கிளிஞ்சலையோ சுண்ணாம்புக்கல்லையோ காளவாயிலிட்டுச் சுடும்பொழுது அதனுள்ளிருக்கும் கரியமிலவாயு வெளியேறி நீறு கிடைக்கிறது. அந்நீற்றைக் குழைத்துச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக உண்டு மீண்டும் கல்லாக இறுகுகிறது. சுண்ணாம்புத் தெளிநீரில் குழல்வழியே மூச்சை ஊதினால் அது பால்போல் வெளுப்பதை நம் ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவரும் கண்டிருப்பர். அதுவும் இச்செயலே. அங்ஙனமாயின், சுண்ணாம்பைக் கொண்டே புகையைக் கழுவலாகாதோ எனின், கழுவலாம். ஆனால் பிடித்த வாயுவை மீட்டுச் சுண்ணாம்பை மறுபடி பயன்படுத்த, அதனை ஏறக்குறைய 900 பாகை உஷ்ணத்திற் சுடவேண்டும். பிணைப்பு அத்துணை உறுதியானது.

இதற்கு எதிர்க்கோடியில் நிற்பது சோடாப்புட்டி. அழுத்தத்தினால் நீரிற் புகுத்தப்பட்ட வாயு, கோலியைத் தட்டியவுடன் சீறி வெளியேறிவிடுகிறது. நீர் அதனைக் கட்டி வைக்கவில்லை. அழுத்தமே அடைத்து வைத்திருந்தது. புகைபோக்கியிலோ அழுத்தம் இல்லை. வாயுவும் பெருமளவு நைட்ரஜனோடு கலந்து நீர்த்திருக்கிறது. ஆகவே வெறும் நீர் போதாது. சுண்ணாம்பைப்போல் இறுகப் பற்றாமலும், நீரைப்போல் நெகிழ விடாமலும், வேண்டுங்காற் பற்றி வேண்டுங்கால் விடும் நடுத்தரமான ஒரு பொருள் வேண்டும். அப்பொருளே அமீன் என்பது.

அமீன் அம்மோனியாவின் இனத்தது. அம்மோனியாவிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றையோ பலவற்றையோ நீக்கி, அவ்விடத்தில் கரியணு கொண்ட தொகுதியை வைத்தால் அமீன் ஆகும். அவற்றுள் இத்தொழிலில் மிகப் பழக்கமானது மானோஎதனாலமீன். கரியமிலவாயு நீரில் அமிலத் தன்மையுடையது. அமீன் காரத் தன்மையுடையது. குளிர்ந்த நிலையில் இரண்டும் கூடுகின்றன, சூடாக்கினாற் பிரிகின்றன. இவ்வினத் திரவங்களால் வாயுக்களைத் தூய்மை செய்யும் முறைக்கு ஆர். ஆர். பாட்டம்ஸ் என்பவர் 1930-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். எரிவாயுவினின்று வேண்டாத அமிலவாயுக்களை நீக்கப் பல பதின்மூன்றாண்டுகளன்று, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக இம்முறை கையாளப்பட்டு வருகிறது. அதனைப் புகைபோக்கிக்குக் கொண்டுவந்ததே பிற்காலத்தார் செய்த மாற்றம்.

தொழிற்சாலையில் இச்செயல் இரண்டு கோபுரங்களில் நடைபெறுகிறது. முதலிற் புகையைத் தூசி நீக்கி, 40 அல்லது 50 பாகையளவுக்குக் குளிர்விப்பர். பின்னர் அதனை முதற் கோபுரத்தின் அடியிற் செலுத்துவர். உச்சியினின்று, நூற்றுக்கு முப்பது பங்கு அமீன் கலந்த நீர் மழைபோல் இறங்கும். கோபுரத்தினுள் உலோகத் தகடுகளின் அடுக்கு நிரம்பியிருப்பதால், இறங்கும் திரவம் மெல்லிய படலமாகப் பரவி, ஏறும் புகையை எங்கும் தழுவுகிறது. ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கரியமிலவாயு அதிற் பிடிபட, எஞ்சிய வாயுக்கள் உச்சிவழியே வெளிச்செல்லும். வாயுவை உண்ட திரவம் இரண்டாம் கோபுரத்துக்குச் சென்று, அங்கே நீராவியால் 110 முதல் 120 பாகை வரையிற் சூடாக்கப்படும். அப்பொழுது தான் உண்டதை உமிழ்ந்துவிட்டு, மீண்டும் முதற் கோபுரத்துக்குத் திரும்பும். திரும்பும் சூடான திரவம், எதிரே வரும் குளிர்ந்த திரவத்துக்குத் தன் வெப்பத்தை வழியிலேயே கொடுத்துச் செல்லுமாறு குழாய்கள் அமைந்துள்ளன. ஒரு டன் கரியமிலவாயுவைப் பிடிக்க ஏறக்குறைய 20 டன் திரவம் இவ்வாறு சுழலவேண்டும்.

இனி இதன் செலவை நோக்குவோம். பழைய வகை அமீன் திரவத்தில், ஒரு டன் வாயுவை விடுவிக்கச் சுமார் 3.5 கிகாஜூல் வெப்பம் வேண்டும். 1,300 லிட்டருக்கு மேற்பட்ட குழாய்நீரை முற்றும் ஆவியாக்க இவ்வெப்பம் போதும். நிலக்கரியை எரித்தே இதனைப் பெறுவதாயின், ஒவ்வொரு கிகாஜூலுக்கும் ஏறக்குறைய 95 கிலோ கரியமிலவாயு புதிதாகப் பிறக்கும். அஃதாவது, ஒரு டன்னைப் பிடிக்கும் முயற்சியில் மூன்றிலொரு டன்னை உண்டாக்குகிறோம். வேறிடத்தில் வீணாகும் வெப்பத்தைப் பயன்படுத்தினால் இந்நட்டம் குறையும். இத்துறையின் ஆராய்ச்சிகளிற் பெரும்பாலன இந்த ஓர் எண்ணைக் குறைப்பதற்கென்றே நடக்கின்றன என்றால் மிகையாகாது.

வெப்பத்தோடு தொல்லை முடியவில்லை. புகையிலுள்ள பிராணவாயு அமீனைச் சிதைக்கும். கந்தகப் புகை அதனோடு கூடிச் சூட்டுக்கும் பிரியாத உப்பாகிவிடும். சிதைந்த திரவம் எஃகுக் குழாய்களை அரிக்கும். சிதைவுப் பொருள்களுட் சில நஞ்சாதலின், அவை காற்றிற் கலவாமற் காத்தலும் கடமையாகும். ஆகவே நல்ல திரவமென்பது விரைந்து பற்றவேண்டும், சிறு வெப்பத்தில் விடவேண்டும், நெடுநாள் கெடாதிருக்கவேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைதல் அரிது.

இவ்வகையில் தமிழ்நாடு உலகின் கண்ணைக் கவர்ந்தது தூத்துக்குடியினால். அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்டு பெர்ட்டிலைசர்ஸ் என்னும் ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையினின்று, ஆண்டுக்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிடிக்கத்தக்க சாதனம் 2016-ல் நிறுவப்பட்டது. திரவத்தை வகுத்தளித்தது கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் என்னும் நிறுவனம். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற அனிருத்த சர்மா, பிரதீக் பும்ப் என்னும் இரு இளைஞர் 2009-ல் அதனைத் தொடங்கினர். தங்கள் திரவம் பழைய அமீனைவிடக் குறைந்த வெப்பத்தில் வாயுவை விடுமென்றும், குழாய்களைக் குறைவாக அரிக்குமென்றும் அவர்கள் கூறினர். நம் நாட்டில் முதலீடு கிட்டாமையால் அவர்கள் இங்கிலாந்து சென்று, அந்நாட்டு அரசின் உதவி பெற்று வளர்ந்தனர் என்பது நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

தூத்துக்குடியில் இது நிறைவேறியதற்குக் காரணம் அவ்வாலையின் தொழிலேயாகும். உப்பளங்கள் சூழ்ந்த அவ்வூரில், சோற்றுப்பு, அம்மோனியா, கரியமிலவாயு, நீர் ஆகியவற்றைக் கூட்டி, ஆலையார் சோடா உப்பும் நவச்சார உரமும் செய்தனர். கரைந்த உப்போடு அம்மோனியாவும் கரியமிலவாயுவும் கூடும்பொழுது சமையற் சோடா படிகமாக வீழ்கிறது. அதனைச் சுட்டால் சலவைக்கும் கண்ணாடிக்கும் பயன்படும் சோடா உப்பு கிடைக்கிறது. ஆகவே பிறர்க்குக் கழிவாகிய கரியமிலவாயு அவர்களுக்கு மூலப்பொருள். அரசின் மானியத்தை எதிர்பாராமல் இச்சாதனம் அமைந்ததும் அதனாலேதான். தாம் இதனைச் செய்தது உலகத்தைக் காக்கும் எண்ணத்தாலன்று, தடையின்றி அவ்வாயுவைப் பெறும் பொருட்டே என்று ஆலைத் தலைவர் அக்காலத்திற் செய்தியாளரிடம் ஒளிவின்றிக் கூறினார். நூற்றாறு பங்கு சோடா உப்பில் நாற்பத்து நான்கு பங்கு கரியமிலவாயு அடங்கும். எனவே 60,000 டன் வாயு, குறைவின்றிப் பயன்படுமாயின், ஏறக்குறைய 1,44,000 டன் சோடா உப்பாகும்.

இங்கே ஒரு வினா எழுகிறது: சோடா உப்பாகிய வாயு என்றும் சிறைப்பட்டிருக்குமா? பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையிற் சென்றால் ஸ்ரீபெரும்புதூரில் பெரிய கண்ணாடித் தொழிற்சாலையைக் காணலாம். எந்தக் கண்ணாடி உலையிலும் மணலும் சோடா உப்பும் சேர்ந்து உருகும்பொழுது, சோடா உப்பிலுள்ள கரியமிலவாயு விடுபட்டு உலையின் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். சமையற் சோடாவும் இட்டலிப் பானையிலேயே தன் வாயுவை விட்டுவிடுகிறது. ஒரு முறை பயன்பட்ட பின் வெளியேறுகிறது என்பது உண்மை. அதற்கெனப் புதிதாக வாயு உண்டாக்கவேண்டாமை இலாபம். ஆயினும் பிடித்தல் வேறு, புதைத்தல் வேறு என்பதை மறத்தலாகாது.

புதைத்தலுக்கு நார்வே நாடு எடுத்துக்காட்டு. அங்கே ஸ்லைப்னர் என்னும் கடற்கிணற்றில், எரிவாயுவினின்று அமீனாற் பிரித்தெடுத்த கரியமிலவாயுவை, 1996 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னளவிற் கடலடி மணற்பாறையுள் செலுத்தினர். கனடாவின் பவுண்டரி டாம் நிலக்கரி மின்நிலையத்தில் அதே அளவைப் பிடிக்கும் நோக்குடன் 2014-ல் தொடங்கிய சாதனமோ, பல ஆண்டுகள் குறித்த அளவை எட்டவில்லை. நம் நாட்டில், ஜாம்ஷெட்பூர் டாட்டா எஃகாலையில் நாளொன்றுக்கு 5 டன் பிடிக்கும் சாதனம் 2021-லும், விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் 20 டன் பிடிக்கும் சாதனம் 2022-லும் அமைந்தன. நம் அரியலூரில் சிமெண்டாலையொன்றில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் பிடிக்கும் திட்டம் 2019-ல் அறிவிக்கப்பட்டது. 1000 மெகாவாட் நிலக்கரி நிலையமொன்று ஆண்டுதோறும் ஐம்பது லட்சம் டன்னுக்கு மேல் வெளியிடும் என்பதை இவற்றோடு ஒப்பிட்டால், செய்தது எத்துணைச் சிறிது என்பது விளங்கும்.

அம்பத்தூரின் சிறு கொதிகலன்கள் ஒவ்வொன்றுக்கும் இரு கோபுரங்கள் கட்டுதல் இயலாது, செலவு தாங்காது. அத்தகைய இடத்துக்கு ஏற்றவை எரிபொருளை மாற்றுதலும், வெப்பத்தை வீணாக்காமையும், சூரிய சக்தியைக் கொள்ளுதலுமே. கோபுரங்கள் பெரும் புகைபோக்கிகளுக்கே உரியன. மருந்து நன்றென்று எல்லா நோய்க்கும் அதனையே கொடுப்பவன் நல்ல வைத்தியனாகான்.

இத்துறையிற் புகும் நம் கல்லூரி மாணவர், புதிய திரவமொன்றைப் பற்றிக் கேள்வியுறுந்தோறும் நான்கு வினாக்களை எழுப்புவாராக. ஒரு டன்னுக்கு எத்துணை வெப்பம் வேண்டும்? அவ்வெப்பம் எங்கிருந்து வரும்? திரவம் எத்துணை நாள் கெடாதிருக்கும்? பிடித்த வாயு எத்துணை ஆண்டு வெளிவராதிருக்கும்? விளம்பரங்கள் பெரும்பாலும் முதல் வினாவுக்கு மட்டுமே விடையளிக்கின்றன. ஏனைய மூன்றுக்கும் விடை காண்பதற்குத் தராசும் உஷ்ணமானியும் பொறுமையும் வேண்டும். அவை மூன்றும் நம் ஆய்வுக்கூடத்திலேயே பழகக் கிடைக்கின்றன.