ஈதர்நெட்டில் மோதலும் பிழையும்

ஈதர்நெட் கட்டுப்படுத்தி என்பது கணினியைக் கம்பிவழிப் பிணையத்துடன் இணைக்கும் சில்லு ஆகும். தரவைச் சட்டகங்களாக்கி அனுப்புவதும், வந்த சட்டகம் பழுதின்றி உள்ளதா எனச் சோதிப்பதும் இதன் பணி. 1973 இல் செராக்சு நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருவான தொடக்ககால ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் குறிகைகள் கலந்து இரண்டுமே கெட்டுவிடும். இதுவே மோதல் எனப்படுகிறது.

மோதலைக் கையாளும் முறை

அனுப்பும் முன் கட்டுப்படுத்தி கம்பியைக் கவனிக்கும். கம்பி அமைதியானால், சிறிது இடைவெளி விட்டு அனுப்பத் தொடங்கும். அனுப்பும்போதும் கவனிப்பதை நிறுத்தாது. மோதல் தெரிந்தால் 32 பிட்டு நெரிசல் குறிகை ஒன்றை அனுப்பி மற்றவர்களுக்கு உணர்த்திவிட்டு விலகிக்கொள்ளும். இருவரும் ஒரே அளவு நேரம் காத்திருந்தால் மறுபடியும் மோதிக்கொள்வார்கள் அல்லவா? எனவே காத்திருப்பு குலுக்கல் முறையில் அமைகிறது. முதல் மோதலுக்குப் பின் 0 அல்லது 1, இரண்டாவதற்குப் பின் 0 முதல் 3 வரை என வீச்சு இரட்டித்து, பத்தாவது மோதலில் 1023 வரை விரிந்து அத்துடன் நிற்கும். வந்த எண்ணை 51.2 மைக்ரோ நொடியால் பெருக்கினால் காத்திருக்கும் நேரம் கிடைக்கும் (10 மெகாபிட்டு வேகத்தில்). 16 முறை முயன்றும் முடியாவிட்டால் கட்டுப்படுத்தி அந்தச் சட்டகத்தைக் கைவிட்டு, பிழை என்று இயக்குதளத்துக்குத் தெரிவிக்கும்.

51.2 மைக்ரோ நொடி என்பது மிகச்சிறிய சட்டகமான 64 பைட்டை அனுப்பி முடிக்க ஆகும் நேரம். அதற்குள் மோதல் செய்தி திரும்பி வந்தாக வேண்டும். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக எப்போதும்வென்றானுக்கு ஒரே ஒளியிழையைப் போட்டு இம்முறையில் இயக்குவதாக வைத்துக்கொள்வோம். தொலைவு 20 கிலோமீட்டருக்கு மேல். இழையில் குறிகை நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கோவில்பட்டிக் கணினி 64 பைட்டையும் அனுப்பி முடிக்கும்போது அதன் முதல் பிட்டு 10 கிலோமீட்டர்தான் போயிருக்கும், எட்டயபுரத்தைக்கூட எட்டியிருக்காது. அப்பால் நடக்கும் மோதல் அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. பழைய 10 மெகாபிட்டு ஈதர்நெட்டுக்கு 2500 மீட்டர் எல்லை வைத்ததன் காரணம் இதுதான்.

சுவிட்சுகளும் இருவழி இணைப்பும் வந்தபின் அனுப்பவும் பெறவும் தனித்தனி வழி கிடைத்தது. மோதலும் இல்லை, அந்தத் தொலைவு எல்லையும் இல்லை. இன்று ஒளியிழை ஈதர்நெட் 40 கிலோமீட்டர் வரை செல்லும் வகைகளும் உள்ளன.

பிழைகள்

ஒவ்வொரு சட்டகத்தின் முடிவிலும் 4 பைட்டு சரிபார்ப்பு எண் உண்டு. பெறும் கட்டுப்படுத்தி தானே கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் சட்டகத்தை வீசிவிட்டு எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். மறுபடி அனுப்பு என்று கேட்காது. அது டிசிபி போன்ற மேலடுக்கு நெறிமுறைகளின் வேலை.

ஒரு முனை இருவழியாகவும் மறுமுனை ஒருநேர ஒருவழியாகவும் அமைந்துவிடுவது ஆய்வகங்களில் காணப்படும் கோளாறு. பிங் கட்டளைக்குப் பதில் வரும், பெரிய கோப்பு மட்டும் நத்தையாய் ஊரும். கம்பியை மாற்றிப் பயனில்லை. ஒருவழி முனையில் தாமத மோதல்களும் இருவழி முனையில் சரிபார்ப்புப் பிழைகளும் ஏறிக்கொண்டிருந்தால் காரணம் இதுவே. லினக்சில் ஈத்டூல் கட்டளை இவ்வெண்ணிக்கைகளைக் காட்டும். இரு முனைகளையும் தானியங்கி இணக்கத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.